பின்பக்கத்துக் கதைகள்

எங்கள் வீட்டில் புத்தகம் வாங்குவது அபூர்வம், புத்தகம் செய்வார்கள். மாயவரத்திலிருந்து ரயிலில் வரும் கல்கியையும் விகடனையும் வீடு முழுக்கப் படித்துத் தீர்த்தபின், அப்பா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின் கழற்றி எடுத்துப் பரண்மேல் தகரப் பெட்டியில் அடுக்குவார். கதை முடிந்து ஆடி மாதமும் வந்தால் பைண்டிங். அப்பா திருக்கடையூரில் ரைஸ் மில் கணக்கெழுதியவர். மேட்டூர்த் தண்ணீர் வந்து வயலில் நடவு நடக்கிற நாட்களில் மில்லுக்கு நெல் வரத்து குறையும். அப்போதுதான் அவருக்குக் கை ஓயும்.

கூடத்தில் பாயை விரித்து, பக்கங்களைத் தட்டி ஓரம் சேர்த்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிடுவார். மறுநாள் கோணி ஊசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைப்பார். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் விழும். அந்தப் பசைச் சட்டிப் பக்கம் எங்களை விடவே மாட்டார். அட்டைக்கு ஜவுளிக்கடைப் பெட்டி, முதுகுக்குப் பழைய வேட்டித் துணி. எல்லாம் காய்ந்தபின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் கதையின் பெயர், எழுதியவர் பெயர், எந்த இதழிலிருந்து எந்த இதழ்வரை என்ற விவரம். கணக்குப்பிள்ளைக் கையெழுத்து, ஒரு சுழி பிசகாது. 1950 அக்டோபரில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஐந்து பாகத்தையும் மணியத்தின் படங்களோடு அப்படியே கட்டி வைத்திருந்தார். வந்தியத்தேவனை நான் சந்தித்தது அந்த வேட்டித் துணி முதுகுக்குள்தான்.

ஆனால் என்னை எழுத வைத்தது வந்தியத்தேவன் இல்லை. தொடர் தொடங்கும் பக்கத்தின் பின்னாலும் முடியும் பக்கத்தின் பின்னாலும் வேறு ஏதோ அச்சாகியிருக்கும். ஒரு சிறுகதையின் நடுப்பகுதி, பாதிக் கட்டுரை, தலைவலித் தைல விளம்பரம். அந்தச் சிறுகதைகளுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒரு பெண் டிரங்குப் பெட்டியோடு வாசலில் நிற்பாள். கதவு திறக்கும். அடுத்த பக்கம் எப்போதோ கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். கதவைத் திறந்தது யார்? பல ராத்திரிகள் அந்தக் கேள்வியோடு படுத்திருக்கிறேன். பிறகு நானே எழுதிப் பார்க்கத் தொடங்கினேன். மில்லில் வருஷம் முடிந்து ஒதுக்கிய பேரேடுகளில் எழுதாத தாள்கள் மிஞ்சும். அப்பா அவற்றை எனக்குக் கொண்டுவந்து தருவார்.

எழுதியதை அவர்தான் முதலில் படிப்பார். பாராட்டெல்லாம் கிடையாது. பற்று வரவு பார்ப்பதுபோலவே பார்ப்பார். "இந்த ஆளு மூணாம் பக்கத்துல ரயில் ஏறினான். எங்க இறங்கினான்னு இல்லையே பாப்பா?" என்பார். ஏறியவன் இறங்க வேண்டும், கொடுத்தது யார் கைக்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பின்னாளில் எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்கள் என் கதைகளைத் திருத்தியிருக்கிறார்கள். அதைவிடத் தெளிவான ஒரு திருத்தத்தை நான் பார்த்ததில்லை.

பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அபிராமி அந்தாதி நூறு பாட்டும் தெரியும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது கோயிலில் மற்றவர்கள் பாடக் கேட்டுக் கேட்டே மனத்தில் ஏறியது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வாள். நான் திணறினால் அடுத்த பாட்டை எடுத்துக் கொடுக்க மாட்டாள். முடிந்த பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் இன்னொரு தடவை சொல்வாள். "அதைப் புடிச்சுக்க, அதுவே கூட்டிட்டுப் போகும்" என்பாள். அந்தாதியின் இலக்கணத்தைப் பள்ளியில் படிப்பதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே அந்த ஒரு வாக்கியத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன். இன்றைக்கும் எழுத்து நின்றுபோனால் முந்தின வரியின் கடைசிச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தாதியைப் பாடிய அபிராமி பட்டரின் கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். தஞ்சையை ஆண்ட முதலாம் சரபோஜி தை அமாவாசையன்று எங்களூர்க் கோயிலுக்கு வந்து, இன்று என்ன திதி என்று கேட்கிறார். அம்பாளின் முகத்தையே மனத்தில் வைத்திருந்த பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிடுகிறார். அப்படியானால் நிலவைக் காட்டு என்று ராஜா சொல்ல, கீழே தீ வளர்த்து, மேலே நூறு கயிற்று உறியில் அவர் இருந்து, பாட்டுக்கு ஒரு கயிறாக அறுபட்டுக்கொண்டே வர, 79ஆம் பாட்டில் அம்பாள் தாடங்கத்தை வீசி வானத்தில் நிலவாக்கினாள் என்பது ஐதீகம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அத்தோடு கதை முடிந்துவிடும். நானும் ஒருநாள் 79ஆம் பாட்டு முடிந்ததும் எழுந்தேன். பாட்டி பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "நிலா வந்துட்டா எந்திரிச்சுப் போயிடுறதா? அவரு நூறும் பாடித்தானே முடிச்சாரு?" உயிர் பிழைத்தபின் பாடிய அந்த இருபத்தொரு பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. கேட்க ராஜா வேண்டாம், அறுக்கக் கயிறும் வேண்டாம் என்ற நிலையில் பாடியவை அவை.

சரபோஜியின் காலம் 1712 முதல் 1728 வரை. எங்களூருக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்களின் கோட்டை நிழலில், சீகன்பால்கு தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்து அச்சுக்கூடம் நடத்தியதும் அதே ஆண்டுகளில்தான். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக அச்சேறியது. பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். ஒரு காத தூரத்துக்குள் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் இல்லாமல் நூறு பாட்டைப் பாடுகிறார். இன்னொருவர் அதே மொழியை எழுத்தெழுத்தாகக் கோத்து அச்சடிக்கிறார். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருப்பார்களா என்று நான் யோசிக்காத நாளில்லை. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். அப்பா என்னைத் தரங்கம்பாடிக்கு ரயிலில் கூட்டிப்போய், கடற்கரையில் இதைச் சொல்லி, என் விரலைப் பிடித்து ஒரு அகரம் எழுதச் சொன்னார். அலை வந்து அழித்தது, மறுபடி எழுதினேன். 1926இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலை 1986இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கதை கொண்டுவந்த ரயில் அது.

திருக்கடையூருக்கு இன்னும் பழைய எழுத்தாளர் ஒருவரும் உண்டு. அறுபத்துமூவரில் ஒருவரான காரி நாயனார். தம் பெயராலேயே ஒரு கோவை பாடி, மூவேந்தரிடமும் போய்ப் பொருள் சொல்லி, கிடைத்த செல்வத்தில் சிவனுக்குக் கோயில்கள் எடுத்தவர். அந்தக் கோவை இன்று கிடைப்பதில்லை. இதே ஊர் நாயனாரான குங்கிலியக் கலயரைத் தெரிந்த அளவு ஊரில் இவரைத் தெரியாது. அது எனக்கு வருத்தம்தான்.

மாயவரத்துப் பக்கம் பேசும்போது உ.வே. சாமிநாதையரின் தகப்பனாரை விட்டுவிட முடியாது. வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். மகனும் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். மகனுக்குத் தமிழில்தான் மனம் என்று கண்டதும் யாரிடம் பாடம் கேட்கலாம் என்று ஊர் ஊராக அலைந்து, 1871இல் மாயவரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார். வறுமையில் ஒரு தகப்பன் நடந்த அந்த நடை இல்லாவிட்டால் நமக்குச் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் எந்த நிலையில் வந்து சேர்ந்திருக்குமோ.

எனக்கு வாய்த்த இன்னொரு பள்ளிக்கூடம் கோயில் மண்டபம். காலனை உதைத்த சுவாமி இருக்கிற ஊர் என்பதால் அறுபதுக்கு அறுபதாம் கல்யாணம், எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். விடிகாலையில் கலச நீர் ஊற்றி, ஈரப் புடவையும் வேட்டியுமாக நடுங்கிக்கொண்டு கிழவரும் கிழவியும் மாலை மாற்றுவார்கள். மகன்களும் மருமகள்களும் போட்டோவுக்கு ஓடிக்கொண்டிருக்க, தூணோரம் உட்கார்ந்த உறவுக்காரப் பெரியவர்கள் பழங்கதை பேசுவார்கள். யார் யாரைப் பெண் கேட்டு மறுத்தது, எந்தத் தம்பி சிங்கப்பூருக்குக் கப்பலேறித் திரும்பவில்லை, கோயிலுக்கு வந்த இடத்திலும் எந்த நாத்தனார் இன்னும் பேசவில்லை. பூத்தொடுக்கும் பெண்களோடு நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வாசலில் பெட்டியோடு நின்ற பெண்ணுக்குக் கதவு திறந்தவர்கள் பலரை அந்த மண்டபத்தில்தான் கண்டுபிடித்தேன். எனக்கு முதலில் அறிமுகமான கதாபாத்திரங்கள் எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல். என் கதைகளில் இளவயதுக்காரர்கள் ஏன் குறைவு என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நான் வளர்ந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அறுபது தாண்டியவர்கள்தான்.

என் கணவருக்கு அறுபது ஆனபோது நாங்களும் அந்த மண்டபத்தில் மணையில் உட்கார்ந்தோம். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கையில், தூணருகே கணவரின் அத்தை, தம் மாமியார் வீட்டிலிருந்து சொல்லாமல் புறப்பட்டு வந்த கதையைப் பக்கத்தில் இருந்தவளிடம் எடுத்துவிட்டிருந்தார். மாட்டுவண்டி கொள்ளிடக் கரைக்கு வந்துவிட்டது. பூக்கூடையோடு ஒரு பெண் குழந்தை நகராமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேளச் சத்தத்தில் அவளுக்குச் சரியாக விழவில்லை போலிருந்தது. மணையிலிருந்தே கையைக் காட்டி, அத்தையை இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசச் சொன்னேன்.