வழுக்குறி

தமிழிலக்கணம் பயில்வோர்க்கு ‘வழு’ என்னும் சொல் புதிதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை எழுவகையாக வகுத்துக் காட்டினர் இலக்கண ஆசிரியர். ‘அவன் வந்தாள்’ என்ற மாத்திரத்தே கேட்போர் செவி நெருடும். ஆயின் ‘அவன் வந்தான்’ என்பது, அவன் வராதவிடத்தும் வழுவற்ற வாக்கியமே. அந்தப் பொய்யை இலக்கணம் பிடிப்பதில்லை. அது இலக்கணத்தின் தொழிலும் அன்று. இவ்வேறுபாட்டைக் கல்குடாவில் ஒரு பெண்மணி, 2022ஆம் ஆண்டின் இறுதியில், தமது சமையலறையிலே கற்க நேர்ந்தது.

கல்குடா மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனைக்கும் பாசிக்குடாவுக்கும் அருகாக அமைந்த கடலோர ஊர். யன்னற் பிணைச்சல், துவிச்சக்கரவண்டிச் சங்கிலி, தையல் இயந்திரத்தின் ஊசி என உப்புக்காற்று அங்கு தீண்டாத இரும்பு இல்லை. மார்கழி மாதத்திலே வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் உலர்ந்த பொருள் என்று ஒன்றைக் காண்பதே அரிது. அப்பெண்மணி அவ்வூரிலே கேக் செய்து விற்றுச் சீவித்தவர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கல்யாணம் என ஆண்டு முழுவதும் சில்லறை வேலைகள் கிடைப்பினும், நத்தாருக்கு முந்திய 2 வாரங்களே அவரது வருமானத்தின் பெரும்பகுதியைத் தருவன. ரவை, கஜு, பட்டர், முட்டை மஞ்சட்கரு, பூசணித் தோசி என்பன கொண்டு குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் லவ் கேக்கிலே அவருக்குத் தனிப் பெயர் இருந்தது.

அவரிடம் முன்னர் எரிவாயு அடுப்பொன்று இருந்தது. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையெங்கும் எரிவாயுவுக்கு வரிசைகள் நீண்டமையால் அது பயனற்றுப்போயிற்று. கட்டாரிலே தொழில் புரிந்த மகன் அதற்கு முந்திய ஆண்டு கப்பலில் அனுப்பிய மின்போறணையே துணையாயிற்று. அவ்வாண்டில் மின்சாரமும் ஒழுங்காக இருக்கவில்லை என்பதை யாவரும் அறிவர். மார்ச் 31ஆம் திகதிக்கு அறிவிக்கப்பட்ட மின்வெட்டு 13 மணித்தியாலம். எனினும் மின்சாரம் வந்த வேளைகளில் வேலை நடந்தது. (போறணை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல், பாணும் அவ்வாறே. 1628இல் மட்டக்களப்பிலே அவர்கள் கட்டிய கோட்டையைக் காட்டிலும் இச்சொற்கள் நன்றாகவே உழைத்து வருகின்றன.)

ஐப்பசி மாதமளவில் கேக்குகள் வெளிறத் தொடங்கின. வழக்கமான சூடு, வழக்கமான நேரம்; ஆயினும் மேற்புறம் பொன்னிறம் கொள்ளவில்லை, நடு தாழ்ந்தது. முட்டையிலே பிழை என்று எண்ணினார். பட்டரை மாற்றிப் பார்த்தார். ஒரு கல்யாண வீட்டார் கேக்கின் உட்பகுதி வேகவில்லை எனச் சொல்லிப் பாதிப் பணத்தையே கொடுத்தனர். விருந்தினர் விடுதியொன்று தன் வாராந்த வேலையை வேறொருவருக்கு மாற்றியது. இவற்றையெல்லாம் அவர் ஒரு பயிற்சிக் கொப்பியிலே திகதியிட்டு எழுதிவந்தார். கடன் கணக்குக்கென வைத்த கொப்பி அது. இழந்த வருமானத்தைவிட அவரை அதிகம் வருத்தியது பிறிதொன்று. 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய கைப்பக்குவம் தம்மை விட்டு நீங்கிவிட்டதென அவர் நம்பத் தொடங்கியிருந்தார். அவ்வளவு காலமும் போறணை யாதொரு குறையும் தெரிவிக்கவில்லை. 150 பாகை வேண்டுமென்றால் 150 என்றே காட்டியது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில், முதலாவது நத்தார்க் கேக் உள்ளே இருக்கையில், போறணை மும்முறை ஒலியெழுப்பிற்று. இலக்கங்கள் மறைந்து ‘எப் 3’ என்னும் குறி மின்னியது. சூடாக்கி நின்றுபோயிற்று.

இக்குறிகள் ஏன் இத்துணைச் சுருக்கமாக உள்ளன என்பது ஆராயத்தக்கது. போறணையின் முகப்பிலே ஒவ்வோர் இலக்கமும் ஏழு சிறு கோடுகளாலே அமைகின்றது. எட்டுக்கு ஏழும் எரியும்; ஒன்றுக்கு இரண்டு போதும். ஆங்கிலத்திலே ஈ, எப் போன்ற எழுத்துகள் இக்கோடுகளில் அடங்கும். எம், டபிள்யூ, எக்ஸ் அடங்கா. தமிழிலே டகரமும் பகரமும் ஒருவாறு தேறும். ‘வழு’ என்னும் சொல்லை எழுத வழியே இல்லை. ஏழு கோட்டுக்கும் எழுவகை வழுவுக்கும் தொடர்பு காண முயல்வது வீண்வேலை.

மேலும், இக்குறிகளுக்குப் பொதுவான அகராதி கிடையாது. அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு 1996ஆம் ஆண்டு முதல் பொதுக் குறிமுறை கட்டாயமாக்கப்பட்டதனால், அடிப்படையான குறிகள் எந்த உற்பத்தியாளரின் காரிலும் ஒரே பொருளையே தருவன. போறணைகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஒருவர் உணரிக்கு இட்ட இலக்கத்தை இன்னொருவர் கதவுப் பூட்டுக்கு இட்டிருப்பார். ஆகவே கையேடு தொலைந்தால் குறியும் ஊமையாகும். அவ்வம்மையார் கையேட்டைத் தொலைக்கவில்லை. அரபியிலும் ஆங்கிலத்திலும் அமைந்த அந்நூலிலே ‘எப் 3’க்கு நேரே, வெப்ப உணரி, திருத்துநரை அழைக்கவும் என்னும் பொருள்பட ஒரே வரி இருந்தது.

சுவரிலுள்ள ஆளியை அணைத்துச் சிறிதுநேரம் கழித்துப் போட்டார். குறி மறைந்தது. இது மூடத்தனமான செயலன்று. மின் தளம்பலினாலே தோன்றும் தற்காலிகக் குழப்பம் இவ்வாறு நீங்குவதுண்டு. ஆயின் 20 நிமிடத்தில் அதே குறி மீண்டது. மறுநாளும் அவ்வாறே. நேரத்தை ஒவ்வொரு முறையும் கொப்பியிலே குறித்தார். அழைத்துவந்த திருத்துநரோ பின்புறத்தைத் திறவாமலே, கட்டுப்பாட்டுப் பலகை முழுவதையும் மாற்றவேண்டுமென்று கூறிப் போறணையின் விலையிற் பாதியளவு கேட்டார். முற்பணம் வாங்கிய கேக்குகள் 31 இருந்தன.

அயல்வீட்டு இளைஞன் தொழினுட்பக் கல்லூரியிலே மின்னியல் பயின்றவன். போறணையைக் காட்டிலும் கொப்பியையே அவன் முதலிற் கவனித்தான் என்பது குறிப்பிடத்தக்கது. குறி தோன்றியதெல்லாம் சூடேறி 20 நிமிடமளவில்; குளிர்ந்தபின் ஒருமுறையேனும் தோன்றவில்லை. பலகை செத்திருந்தால் இத்துணை ஒழுங்காகச் சாகாது என்பது அவன் கருத்து.

இத்தகைய போறணைகள் பலவற்றில் உணரியாக அமைவது மெல்லிய பிளாட்டினத் தடை. பூச்சியப் பாகையில் அதன் தடை 1000 ஓம். சூடு ஏறத் தடையும் ஏறும்: 100 பாகையில் 1385 ஓம், 150 பாகையில் 1573 ஓம். பலகைக்கு வெப்பம் தெரியாது. தடை மட்டுமே தெரியும். கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகும். அதனை நம்பினால் போறணை தீப்பிழம்பாயிற்று என்றே பொருள்கொள்ள வேண்டும். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் தடை அற்றுப்போகும். அதனை நம்பினால் உள்ளே கடுங்குளிர் எனக் கருதி இடைவிடாது எரித்து, ஈற்றில் வீட்டையே எரித்துவிடும். ஆகவே நம்பத்தகாத எண் வந்தவுடன் பலகை வேலையை நிறுத்திக் குறியைக் காட்டுகின்றது. ‘உணரி பழுது’ எனக் கையேடு கூறினும், குறி உண்மையிற் கூறுவது ‘உணரியிடமிருந்து வரும் சொல்லை நம்பமுடியவில்லை’ என்பதேயாகும். சொல்பவர் பிழையா, சொல் வந்த வழி பிழையா என்பது அதற்குத் தெரியாது.

இளைஞன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, போறணை நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பின்புறத் தகட்டைத் திறந்தான். (நுண்ணலை அடுப்பாயின் இவ்வாறு திறத்தல் ஆகாது; செருகியைக் கழற்றிய பின்னரும் அதன் மின்தேக்கியிலே உயிர்கொல்லும் மின் தங்கியிருக்கக்கூடும்.) உணரியின் கால்களிலே மல்ரிமீற்றரை வைத்தான்: 1117 ஓம். 30 பாகை வெப்பமுள்ள அறைக்கு அது மிகச் சரியான அளவு. கம்பியின் மறுமுனையில், பலகையண்டை வைத்தான்: 1177. இடையிலே ஒரு பிளாஸ்ரிக் இணைப்பான் இருந்தது. அதனை விரலாற் சிறிது அசைத்தபோது எண் மறைந்து, கம்பி அறுந்ததற்குரிய அடையாளம் தோன்றியது. இணைப்பானின் உள்ளே பித்தளை பச்சை பூத்திருந்தது. சூடேறும்போது உலோகம் விரிந்து தொடுகை அறுந்தது; ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த மேலதிக 60 ஓமே கவனத்துக்குரியது. தொடுகை முற்றாக அறுவதற்கு முன்னரே, துரு ஏற ஏற, தடை மெல்லமெல்லக் கூடிவந்திருக்கின்றது. பலகை அந்தக் கூடுதலையும் வெப்பமென்றே கொண்டது. ஆறிக் கிடக்கையிலும் போறணை தன்னை 45 பாகைக்கு மேற்பட்டதாகவே கருதிற்று. முகப்பிலே 150 எனக் காட்டியபோது உள்ளே இருந்தது 134 அளவே. 1177 என்பது நம்பத்தகாத எண் அன்று. ஆகவே குறி எதுவும் தோன்றவில்லை. வாக்கியம் வழுவின்றி அமைந்திருந்தது, பொருள்தான் பொய். குறி தோன்றிய நாள் பழுது தொடங்கிய நாளன்று. பழுதை இனியும் மறைக்கமுடியாத நாள் அது.

இதனை அவன் கொப்பியின் பழைய பக்கங்களைக் காட்டி விளக்கினான்.

“மாமி, சென்சர் நல்லா இருக்கு. வயர் பொருந்திற இடத்திலதான் பிழை. ஐப்பசியில இருந்தே சூடு குறைவாத்தான் வந்திருக்கு.”

“அப்ப என்ட கையில பிழை இல்லையா மகன்?”

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை, கொப்பியை வாங்கி, கல்யாண வீட்டுக் கணக்கு எழுதியிருந்த பக்கத்தைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுதான இணைப்பானை வெட்டியெறிந்து, வாழைச்சேனைக் கடையொன்றில் வாங்கிய பீங்கான் இணைப்பானாலே கம்பிகளைப் பொருத்தினான். பிளாஸ்ரிக் நாடா அந்தச் சூட்டில் உருகிவிடும். செலவு ஒரு கேக்கின் விலைக்கும் குறைவு. மறுமுனையிலும் 1117 வந்தபின்னரே தகட்டை மூடினான். அன்றிரவு வைத்த லவ் கேக் வழக்கத்திலும் கறுத்துப்போயிற்று. குறைந்த சூட்டை ஈடுசெய்ய அவர் நேரத்தைக் கூட்டிப் பழகியிருந்தார். மறுநாள் பழைய நேரத்துக்கே திரும்பினார். 24ஆம் திகதி மாலைக்குள் 31 கேக்குகளும் போய்ச் சேர்ந்தன. கல்யாண வீட்டாரிடம் மீதிப் பணத்தை அவர் கேட்கவில்லை. அவர்களுக்கும் ஒரு கேக் அனுப்பினார்.

கையேட்டின் அந்த ஒரு வரிக்குக் கீழே, பேனையால், ‘வயர்ச் சந்தியை முதலிற் பார்க்க’ என்று தமிழில் எழுதப்பட்டது. அடுத்த பங்குனியில் வேறொரு குறி தோன்றியது. அவர் ஆளியை அணைத்துவிட்டுக் கொப்பியிலே புதிய பக்கம் திறந்தார். திகதிக்குக் கீழே முதலில் எழுதியது குறியின் இலக்கத்தை அன்று. கடந்த மூன்று வாரமாகக் கேக் என்ன நிறத்தில் வந்தது என்பதை.