சாக்கெட் தேடும் வேலை

காடி வயரிங்கில் ரிலே, ஃபியூஸ், கம்பிக் கனம் இவற்றையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படித்துவிடலாம். சாக்கெட் அப்படி வசப்படாது. உடைந்துபோன ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதைச் செய்தது யார், இது என்ன ரகம், இதன் ஜோடி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மலேசியாவின் செனாவாங்கில் ஒரு வயர்மேன் அண்ணனிடம் வேலை பழகிய காலத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இதைத்தான். காடி உரிமையாளர்கள் இதை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. கூலி பேசும்போதும் இதற்கென்று யாரும் காசு வைப்பதில்லை. ஆனால் வயரிங் நிலைப்பதும் எரிவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

எங்கள் பட்டறை தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. என் தாத்தா பால்மரம் சீவிய நிலத்தில் இன்று தாமான் வீடுகளும் ஃபேக்டரிகளும் நிற்கின்றன. வெளியே போகப் போக செம்பனை. அதனால் பட்டறைக்கு இரண்டு வகை வண்டிகள் வரும். தாமான் பிள்ளைகள் மாற்றியமைக்கக் கொண்டுவரும் கஞ்சில், மைவி, வீரா ஒரு பக்கம். தோட்டத்திலிருந்து குலை ஏற்றும் லோரி, டிராக்டர் மறுபக்கம். இரண்டிலும் சாக்கெட் பிரச்சினைதான்; காரணம் மட்டும் வேறு.

கஞ்சிலை எடுத்துக்கொள்வோம். பெரோடுவா 1994இல் அதை வெளியிட்டது. டைஹட்சு மீராதான் அதன் மூலம்; 659 சிசி, கார்புரேட்டர் எஞ்சின். ஜப்பானில் பழைய காடிகளைப் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்புகிறார்களே, அந்த ஆஃப்-கட் மீராவின் இன்ஜெக்‌ஷன் எஞ்சினைக் கஞ்சிலில் ஏற்றுவது இங்கே வெகுகாலப் பழக்கம். எஞ்சினை இறக்கி ஏற்றும் ஃபோர்மன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு வண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடும். கார்புரேட்டர் காடிக்குத் தேவைப்படாத இன்ஜெக்டர், சென்சார், ஈசியூ என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, பம்ப் ரிலே ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கம்பி கேட்கும். ஆஃப்-கட் விற்கும் பொத்தோங் கடையிலோ அவசரம். வயரிங்கை ஒரே வெட்டாக வெட்டியிருப்பார்கள். பாதி சாக்கெட் எஞ்சினோடு வந்திருக்கும், மீதி காணாமல் போயிருக்கும். (எஞ்சின் மாற்றினால் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போய், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவுப் பத்திரமான கிராண்டைத் திருத்த வேண்டும் என்பதை எங்கள் அண்ணன் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார். அதைத் தட்டிக் கழிப்பவர்களின் வண்டியை அவர் தொடமாட்டார்.)

"தம்பி, கலர நம்பாத. மொதல்ல கழுவு." அவர் சொல்லித் தந்த முதல் பாடம் இது. எண்ணெயும் புழுதியும் அப்பிய சாக்கெட்டைப் பல் பிரஷ்ஷால் தேய்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பிளாஸ்டிக்கில் பொடி எழுத்துகள் தெரியும். புதியவர்கள் முதலில் கண்டுபிடிப்பது இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே இருக்கும் பிபிடி, பிஏ66 போன்ற எழுத்துகளைத்தான். அது பிளாஸ்டிக்கின் வகை. அதை வைத்து எந்தக் கடையிலும் எதையும் வாங்க முடியாது. தேட வேண்டியது கம்பெனி அடையாளம். ஏஎம்பி, ஜேஎஸ்டி என்றால் பெயரே தெளிவு. கேஇடி, கேயூஎம் என்றால் கொரியா. ஹுண்டாய், கியா காடிகளில் நிறையப் பார்க்கலாம். ஜப்பான் காடிகளில் யசாக்கி, சுமிட்டோமோ இரண்டும்தான் மிகுதி. அவர்களுடைய பாகங்களுக்கு எண்களே முகவரி. 7282, 7283 என்று தொடங்கினால் யசாக்கி. 6189 என்றால் சுமிட்டோமோ. டொயோட்டா தன் பாகப் பட்டியலில் இதே சாக்கெட்டுகளுக்கு 90980 என்று தொடங்கும் தன் சொந்த எண்ணைப் போட்டிருக்கும். நான்கு பின் இக்னிஷன் காயில் சாக்கெட் டொயோட்டாவுக்கு 90980-11885. அதையே சுமிட்டோமோ எண்ணில் கேட்டால் 6189-0443. இரண்டு எண்ணும் தெரிந்தவனுக்கு இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம்.

எண் அழிந்துபோயிருந்தால் வெர்னியர் வேண்டும். ஆண் பின்னின் தகட்டு அகலத்தை அளந்தால் ரகம் தெரிந்துவிடும். ஜப்பான் சாக்கெட்டுகளை 040, 090, 250 என்று அழைப்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 0.64 மில்லிமீட்டர் என்றால் 025. 1 மில்லிமீட்டர் 040. 1.8 என்றால் 070. 2.3 என்றால் 090, சென்சார்களில் அதிகம் வருவது. 6.3 என்றால் 250, ரிலே காலின் அகலம். 8 மில்லிமீட்டர் என்றால் 312; பெரிய கரண்ட் போகும் இடம். அகலம் தெரிந்ததும் எத்தனை பின், எத்தனை வரிசை, பின்னுக்குப் பின் எவ்வளவு இடைவெளி, பூட்டு மேலேயா பக்கத்திலா, நீர் புகாத ரப்பர் உண்டா என்று பார்த்து எழுத வேண்டும். இவ்வளவும் எழுதினால்தான் தேடல் தொடங்கும். 090 என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தால் பொருந்தாது. யசாக்கியின் 090க்கும் சுமிட்டோமோவின் 090க்கும் கூடு வேறு, ஒரே கம்பெனிக்குள்ளேயே 090இல் பல குடும்பங்கள் உண்டு.

இன்னொரு இடத்தில் பழகிய கைகளும் தடுமாறும். ஆண், பெண் என்பது உள்ளே இருக்கும் உலோகப் பின்னை வைத்துச் சொல்வது, வெளிக்கூட்டின் வடிவத்தை வைத்து அல்ல. பெண் பின் உள்ள கூடு, ஆண் பின் உள்ள கூட்டுக்குள் நுழைவது சாதாரணம். அதேபோல் பின் எண். வயரிங் படத்தில் சாக்கெட்டை ஜோடி சேரும் முகத்திலிருந்து வரைந்திருக்கிறார்களா, கம்பி நுழையும் பக்கத்திலிருந்தா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பார்த்து எண்ணினால் இடமிருந்து வலம். மறுபக்கம் திருப்பினால் அதுவே வலமிருந்து இடம். ஈசியூ சாக்கெட்டில் இது மாறினால் பன்னிரண்டு வோல்ட் சென்சார் லைனுக்குள் போய், பெட்டியே போய்விடும். அண்ணன் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் "கம்பிப் பக்கம்" அல்லது "முகப் பக்கம்" என்று பேனாவால் எழுதிய பிறகுதான் மீட்டரைக் கையில் எடுப்பார். நானும் அப்படித்தான்.

பின்னைக் கழற்றுவது பொறுமை வேலை. பெரும்பாலான சாக்கெட்டில் இரண்டு பூட்டுகள் இருக்கும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ துருத்திக்கொண்டிருக்கும் துணைப் பூட்டை முதலில் ஒரு படி இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கைத் தூக்க முடியும். துணைப் பூட்டைத் திறக்காமல் கம்பியை இழுத்தால் நாக்கு உடைந்து கூடு வீணாகும். பழைய குடைக் கம்பியைத் தட்டித் தீட்டிய சாவிகள் எங்கள் பட்டறையில் ஒரு டப்பா நிறைய உண்டு. மஞ்சள் ஏர்பேக் சாக்கெட்டுக்கு மட்டும் அந்த டப்பா திறக்காது. அதில் கை வைக்கக் கூடாது. மாற்றியமைக்கும் வேலை எதுவும் அந்தப் பக்கம் போகவே கூடாது.

புதுப் பின்னைக் கம்பியோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் வேலையில்தான் அண்ணன் என்னை மிக அதிகமாக நிறுத்தி வைத்தார். பின்னின் வாலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்கும், பின் ஜோடி கம்பியின் தோலைப் பிடிக்கும். தோல் முன் இறக்கைக்குள் நுழைந்தால் கரண்ட் சரியாகப் போகாது. செம்பு பின் இறக்கை வரை வந்தால் அசைவில் முறியும். கிரிம்ப் செய்த பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். "ஈயம் வெச்சா இன்னும் கெட்டியா இருக்குமே அண்ணே?" என்று கேட்டேன். ஒரு பழைய லோரியின் கம்பியை எடுத்துக் காட்டினார். ஈயம் செம்பு இழைகளுக்குள் ஊறி ஏறி, ஏறிய இடம் வரை விறைத்திருந்தது. அந்த விளிம்பில்தான் அது முறிந்திருந்தது. ஓடும் வண்டியில் கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும்; விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் இடம் முதலில் போகும்.

தோட்டத்து வண்டிகள் வேறு பாடம். செம்பனைக்குப் போடும் உரத்தில் பொட்டாசியம் குளோரைடு உண்டு. அம்மோனியம் உரங்களும் உண்டு. உரம் ஏற்றிய டிராக்டரில் அந்தத் தூள் மழையோடு கரைந்து சாக்கெட்டுக்குள் இறங்கினால் செம்பு பச்சையாகப் பூத்துவிடும். அங்கே ரப்பர் இல்லாத சாதாரண சாக்கெட்டைப் போடுவது திரும்பவும் வேலைக்கு அழைக்கச் சொல்வதற்குச் சமம். கனரக இயந்திரங்களில் வரும் டாய்ட்ஷ் டிடி சாக்கெட்டைத்தான் நாங்கள் அதற்குப் பயன்படுத்துகிறோம். ஒரு பின்னுக்கு 13 ஆம்பியர். சிறிய டிடிஎம் 7.5, பெரிய டிடிபி 25. எட்டு, பன்னிரண்டு பின் ரகங்களில் சாம்பல், கறுப்பு, பச்சை, பழுப்பு என்று நிறத்துக்கு ஒரு சாவி வெட்டு. நிறம் மாறினால் ஒன்றோடொன்று சேராது. பக்கத்தில் பக்கத்தில் நான்கு சாக்கெட் வந்தாலும் இடம் மாற்றிச் செருக முடியாது என்பது அதன் பெரிய நன்மை. இதன் உருண்டைப் பின்னுக்கு இறக்கைக் கிரிம்ப் உதவாது. நான்கு பக்கமும் குத்தும் தனிக் கருவி வேண்டும். கம்பி போடாத குழியை அடைப்பானால் மூடாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

எங்கே வாங்குவது என்பதில் அவரவருக்கு ஒரு வரிசை உண்டு. என் வரிசையில் முதலிடம் பொத்தோங் கடைக்குத்தான். அசல் சாக்கெட், அசல் பின், அசல் கம்பி மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அதுதான். கடை முதலாளி தவுக்கேயிடம் "சாக்கெட் மட்டும் வேண்டாம், ஒரு சாண் கம்பியோடு வெட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். 2009இல் தேசிய வாகனக் கொள்கையைத் திருத்தியபோது, பழைய உதிரிப் பாக இறக்குமதியை 2011 ஜூன் முதல் நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. பிறகு அதைத் தள்ளிவைத்தது. அந்தக் கடைகள் மூடியிருந்தால் எங்கள் தொழிலின் பாதி அன்றே முடங்கியிருக்கும். அடுத்து கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கடை: டொயோட்டாவில் கூடும் தனியாக, 82998 என்று தொடங்கும் எண்ணில் பின் கிரிம்ப் செய்த கம்பியும் தனியாக வாங்கலாம். விலை கூடுதல்தான். மூன்றாவது கோலாலம்பூர் புடுவில் உள்ள ஜாலான் பாசார். ரிலே, டெர்மினல், நீர் புகாத சாக்கெட் எல்லாம் அங்கே பொறுக்கி எடுக்கலாம்.

கடைசியில் ஷாப்பி. அங்கே வரும் சீனப் பிரதிகளின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை. டிஜே7 என்று தொடங்கும், நடுவில் 2.3 போன்ற எண் தகட்டு அகலம். முடிவில் 21 என்றால் பெண், 11 என்றால் ஆண். வந்ததும் நான் பூட்டை அசைத்துப் பார்ப்பேன், ரப்பரை விரலால் அழுத்துவேன், பின்னை ஜோடியில் செருகி எவ்வளவு இறுக்கம் என்று பார்ப்பேன். லொடலொட என்று ஆடினால் அதைப் பெரிய கரண்டுக்குப் போடுவதில்லை. தளர்ந்த பின் சூடேறும், சூட்டில் இன்னும் தளரும்.

இதற்கு ஹெட்லேம்ப் சாக்கெட்டைவிட நல்ல சாட்சி இல்லை. எச்4 பல்ப் 60/55 வாட். பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. அந்த இடத்தில் 100 வாட் பல்பைப் போட்டு, பழைய கம்பியையும் பழைய சாக்கெட்டையும் அப்படியே விட்டால் ஒரு பல்புக்கே 8 ஆம்பியருக்கு மேல் போகிறது. சாக்கெட் பழுப்பேறி, பிறகு உருகி, பின்னோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி உருகியவற்றை அண்ணன் எறிவதில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். வருபவர்களுக்குக் காட்டிவிட்டு, 60 வாட்டிலேயே நிறுத்தி, ரிலே வைத்து, கனமான கம்பியும் பீங்கான் எச்4 சாக்கெட்டும் போட்டுத் தருவார். வெளிச்சம் அதிலேயே கூடும், ஏனென்றால் வழியில் இழந்துகொண்டிருந்த வோல்ட் பல்புக்குப் போய்ச் சேர்கிறது.

ஆஃப்-கட் எஞ்சின் வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேரம் பேசும்போதே வயரிங்கை வெட்டாமல், ஈசியூ சாக்கெட்டோடு முழுசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் வெள்ளி கூடக் கேட்டாலும் கொடுத்து வாங்குங்கள். உங்கள் வயர்மேன் கம்பியை முறுக்கி டேப் சுற்றினால், சாக்கெட் போடச் சொல்லிக் கேளுங்கள். அதைத் தேட அவருக்கு ஒன்றிரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள், தேடிய நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.