ஒரே கடவுச்சொல்லும் ஒரு வழக்கும்

கனடாவின் வாட்டர்லூவில் முதுகலை படிக்கும் திருச்சிப் பையன் ஒருவன், இந்த வாரம் இளங்கலை மாணவர்களுக்கு இணையப் பாடத் தளத்தில் மதிப்பெண் போட்டான். கையோடு தன் வீட்டுப்பாடத்தையும் அதிலேயே ஏற்றினான். ஒரே கடவுச்சொல், ஒரு பாடத்தில் ஆசிரியர், இன்னொன்றில் மாணவர். இதிலென்ன அதிசயம்? நம்மூரில் வாரமெல்லாம் பாடம் நடத்தும் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை அஞ்சல்வழி எம்.ஏ. வகுப்பில் போய் உட்காருவதில்லையா?

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு இது கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. 2006 ஜனவரியில் பிளாக்போர்டு என்ற கல்வி மென்பொருள் நிறுவனத்துக்கு 6,988,138 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது, 44 உரிமைக்கோரல்கள். ஜூலையில், வாட்டர்லூவை ஒட்டிய கிச்சனரிலிருந்த போட்டி நிறுவனமான டிசையர்டுலேர்ன் மீது வழக்கு. ஒன்று வாஷிங்டன் நிறுவனம், மற்றது கனடா நிறுவனம். வழக்கு நடந்ததோ டெக்சாஸின் லஃப்கினில்!

அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. காப்புரிமை ஒருமுறை வழங்கப்பட்டால், அது செல்லும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். செல்லாது என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சாதாரண சிவில் வழக்கைப்போல தராசு கொஞ்சம் சாய்ந்தால் போதாது. தெளிவான, உறுதியாக நம்பவைக்கும் சான்று வேண்டும். பரிசோதித்த அதிகாரியின் கண்ணில் படாததையெல்லாம் தேடியெடுத்து, வக்கீல் வைத்து, ஜூரிக்குப் புரியவைக்கும் செலவு முழுக்க வழக்கில் மாட்டியவர் தலையில்.

முதல் 35 கோரல்களைத் தெளிவில்லாதவை என்று நீதிபதியே தள்ளிவிட்டார். மிஞ்சியவற்றில் மூன்றை வைத்து 2008 பிப்ரவரியில் ஜூரி விதித்தது சுமார் 31 லட்சம் டாலர். 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மூன்றும் செல்லாது என்றது. ஒரே கடவுச்சொல்தான் எங்கள் புதுமை என்று பிளாக்போர்டு வாதாடியது. கோரலில் அப்படி ஒரு வரியே இல்லை என்றார்கள் நீதிபதிகள். அந்தக் கோரல்களைக் கவிழ்த்த பழைய மென்பொருள்களில் ஒன்று டெலவேர் பல்கலைக்கழகத்தின் செர்ஃப். மற்றது கோர்ஸ்இன்ஃபோ 1.5: பிளாக்போர்டின் சொந்தச் சரக்கு!

இந்த ஒரு விஷயத்திலாவது டெல்லியை மெச்சலாம். வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது நம் சட்டத்தின் 3(கே) பிரிவு. 2004 அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. தவிர, காப்புரிமை தருவதற்கு முன்பே இந்தியாவில் எவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பிரிவில் மறுபடி கைவைக்க யாராவது கிளம்பினால், ஊரில் கணினி சொல்லித்தரும் வாத்தியார்களே, முதல் ஆட்சேபக் கடிதம் உங்களுடையதாக இருக்கட்டும்.