கால் மாறி நிற்றல்

குத்துச்சண்டையைத் தொலைவிலிருந்து நோக்குவோர் கைகளையே காண்பர். தேர்ந்த பயிற்றுநரோ முதலிற் கால்களைப் பார்ப்பார். இடக்காலும் இடக்கையும் முன்னே நிற்க, வலக்கை தாடையருகே காத்திருப்பது பெரும்பாலோர் கைக்கொள்ளும் நிலை. இதனை வலங்கை நிலை எனலாம். கண்ணாடியிற் கண்டாற்போல இடம் வலமாகி, வலக்கால் முன்னும் இடக்கை பின்னுமாக நிற்பது இடங்கை நிலை. முன்கை எதிரியை அளந்து பார்க்கும்; பின்கை தண்டிக்கும். பின்காலில் எழும் விசை இடுப்பின் திருப்பத்தாற் பெருகியே முட்டியை வந்தடைகின்றது. ஆதலின் நிலையை மாற்ற முனைபவர் கைகளை மாத்திரமன்றி உடலின் பாரம் முழுவதையுமே இடம் மாற்ற வேண்டியவராகின்றார்.

இருவரும் வலங்கை நிலையில் நின்றால் அடிகள் வந்துபோகும் வழிகள் பழகியவை. ஒருவர் இடங்கையாளராயின் முன்பாதங்கள் இரண்டும் நெருங்கி நிற்கும். முன்கைகள் ஒன்றின் வழியை ஒன்று மறிக்கும். எதிரியின் முன்பாதத்துக்குப் புறத்தே தன் பாதத்தை ஊன்றுபவருக்கே பின்கையின் நேர்வழி திறக்கும். சாணளவு நிலத்துக்காக நிகழும் இப்பூசலைப் பார்வையாளர் பலர் கவனிப்பதேயில்லை. வலங்கையாளரோடேயே பயின்றவருக்கு இடங்கையாளர் பெருந்தொல்லை. முற்காலத்து முகாமையாளர் பலர் தம் வீரரை அவர்களோடு மோதவிடத் தயங்கினர். இடக்கைப் பழக்கமுள்ள சிறுவரை மறுநிலைக்குத் திருப்பிவிட்ட பயிற்றுநரும் பலர். பாரநிறைப் பிரிவில் மைக்கேல் மூரர் என்ற இடங்கையாளர் ஹோலிஃபீல்டை வென்று சம்பியனானது 1994 இலேதான். அவருக்கு முன் அப்பட்டத்தை எந்த இடங்கையாளரும் பெற்றதில்லை.

மதுரையிற் பாண்டியன் வேண்ட இறைவன் கால் மாறி ஆடியதாகத் திருவிளையாடற் கதை கூறும். அங்கே மாற்றத்துக்குக் காரணம் இரக்கம். குத்துச்சண்டை மேடையில் இரக்கத்துக்கு இடமில்லை. மாறுகின்ற அந்தக் கணத்தில் இரு பாதங்களும் ஒரே கோட்டில் வந்துவிடும். மார்பு முழுவதும் எதிரிக்குத் திறந்து கிடக்கும். மெல்லிய அடியொன்றே வீழ்த்தப் போதுமானது. எனவே அறிந்தவர்கள் எதிரியின் கைக்கு எட்டாத தொலைவிற் பின்வாங்கி மாறுவர். அல்லது அடியோடு அடியாக முன்சென்று மாறுவர். பின்னைய வகைக்குப் புகழ்பெற்றவர் பொப் ஃபிற்சிமன்ஸ். 1897 மார்ச் 17 இல் நெவாடாவின் கார்சன் நகரில், பதினான்காம் சுற்றில், ஜேம்ஸ் கோர்பெற்றின் மேல்வயிற்றில் இடக்கையாற் குத்தி அவர் பட்டத்தைப் பறித்தார். வலக்காலை முன்வைத்துக் குத்தும் அவருடைய முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

நம் காலத்தில் இக்கலையை முழுமையாகக் கைக்கொண்டவர் ரெறன்ஸ் குறோபோர்ட் எனின் மிகையாகாது. வலக்கைப் பழக்கமுடைய அவர், 2014 யூனில் தம் சொந்த நகரான ஒமாஹாவில் கம்போவாவை எதிர்கொண்டபோது தொடக்கச் சுற்றுகளில் அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க இடர்ப்பட்டார். இடங்கை நிலைக்கு மாறியபின் ஐந்தாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். ஒன்பதாம் சுற்றிற் போட்டியே முடிந்தது.

ஆயினும் இரண்டு நிலைகளும் உடையவர் எல்லா வேளையிலும் ஆதாயம் பெறுவார் என்பதற்கில்லை. மார்வின் ஹக்லரின் கதை அதற்குச் சான்று. இடங்கையாளரான அவர், வேண்டும்போது வலங்கை நிலையிலும் தடுமாற்றமின்றி நிற்கவல்லவர். 1980 இல் இலண்டனில் அலன் மின்ரரை வென்று நடுநிறைப் பட்டத்தைப் பெற்று, பன்னிரண்டு முறை அதனைக் காத்தார். 1987 ஏப்ரல் 6 இல், லாஸ் வேகாசில், ஏறத்தாழ மூன்றாண்டு மேடையேறாதிருந்த சுகர் றே லெனார்ட் அவரை எதிர்த்து வந்தார். மணி ஒலித்தது. ஹக்லர் வலங்கை நிலையில் வந்து நின்றார். கூடியிருந்தோர் வியந்தனர்.

லெனார்ட் இடங்கையாளர் ஒருவருக்கெனவே ஆயத்தஞ் செய்திருப்பார் என்று அவர் கணக்கிட்டிருக்கலாம். தம் திறன் அனைத்தையும் உலகுக்குக் காட்டும் பெருமிதமும் அதிற் கலந்திருந்ததாகவே தோன்றுகின்றது. முதலிரு சுற்றுகளையும் மூன்று நடுவரும் லெனார்டுக்கே அளித்தனர். மூன்றாம் சுற்றில் ஹக்லர் தம் பழைய நிலைக்கு மீண்டார். அதன்பின் போட்டி நெருக்கமாயிற்று. பன்னிரண்டு சுற்று முடிவில் ஒரு நடுவர் 115–113 என ஹக்லருக்கும், மற்றொருவர் அதே அளவில் லெனார்டுக்கும், மூன்றாமவர் 118–110 என லெனார்டுக்கும் தீர்ப்பளித்தனர்.

மூன்றாமவரின் தாளைப் பற்றியே அன்று தொட்டு வாதம் நிகழ்கின்றது. கவனிக்க வேண்டியது இரண்டாமவரின் தாளே. அதில் ஒரேயொரு சுற்று ஹக்லர் பக்கம் விழுந்திருப்பின் 114–114 என்றாகும். அவ்வாறாயின் ஒன்று இவருக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று சமன்; போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்து, சம்பியனின் பட்டம் சம்பியனிடமே இருந்திருக்கும். அவர் பிறருடைய நிலையில் நின்று இழந்தவை இரண்டு சுற்றுகள். தாய்மொழியில் வாதிட்டு எவரையும் வெல்லவல்ல ஒருவர், அவையின் வியப்பை நாடி, கற்ற மொழியில் உரையைத் தொடங்கியதை ஒத்தது இது. கற்ற மொழியிலும் அவர் பிழையின்றியே பேசினார். எனினும் அவையை முதலில் ஈர்த்தவர் மற்றவர்.

தாமே வென்றதாக ஹக்லர் இறுதிவரை நம்பினார். மறுபோட்டி அமையவில்லை. 1988 இல் ஓய்வை அறிவித்து, இத்தாலிக்குச் சென்று, அங்கே திரைப்படங்களில் நடித்தார். ஓய்விலிருந்து மீண்டும் மீண்டும் திரும்பி வரும் வீரர்கள் மலிந்த அத்துறையில், 2021 மார்ச்சில் மறையும்வரை அவர் ஒருமுறையேனும் மேடைக்குத் திரும்பவில்லை.