நீர்த்தூண் நிற்கும் இடம்

நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்து ரயில் நிலையமொன்றைச் சிறு மாதிரியாகச் செய்ய முற்படும் எவரும் மறக்காமல் வைக்கும் பொருள், எஞ்சினுக்குத் தண்ணீர் வார்க்கும் தூண். செங்குத்தாக நிற்கும் இரும்புக் குழாய், அதன் உச்சியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கை, கையின் நுனியில் துதிக்கைபோலத் தொங்கும் தோல் அல்லது கித்தான் குழல். ரயில்வேக்காரர்கள் இதை 'வாட்டர் காலம்' என்பார்கள். தூண் என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் வேறொன்றாகிவிடுகிறது. அந்தத் தற்செயல் எனக்குப் பிடித்தமானது என்றாலும், குழப்பம் வேண்டாமென்று இங்கே நீர்த்தூண் என்றே எழுதுகிறேன்.

மாதிரி ரயில்களுக்கென்று விற்கப்படும் சிறு பொருள்களில் இது விலை குறைந்தது, பார்க்கவும் அழகானது. ஆகவே எங்கே இடம் காலியாகத் தோன்றுகிறதோ அங்கே நட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நிலையக் கட்டடத்தின் எதிரில், நடைமேடையின் நடுவில், பார்ப்பவர் கண்ணில் முதலில் படும்படியாக. அங்கே ஒரு ரயில் வந்து நின்றால் தூணின் கை பயணிகள் பெட்டியின் கூரைமேல் நீண்டிருக்கும். தாகமே இல்லாத ஒன்றுக்கு நீட்டப்பட்ட குவளை அது.

என் பெரியப்பா மீட்டர்கேஜ் எஞ்சின்களில் பல ஆண்டுகள் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். நான் அட்டையும் பசையுமாக உட்கார்ந்திருப்பதை அவர் வயதுக்கு ஒவ்வாத விளையாட்டாகவே கருதிவந்தார். நீர்த்தூணைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரயில் எங்க நிக்குதுன்னு பாக்காதேடா. எஞ்சின் எங்க நிக்குதுன்னு பாரு. எஞ்சின்லயும் தண்ணி வாய் எங்க இருக்குன்னு பாரு" என்றார். இது குறித்து நான் பின்னர் படித்தவை எல்லாம் இந்த மூன்று வாக்கியங்களுக்கு எழுதப்பட்ட உரைகளே என்று இன்றும் நினைக்கிறேன்.

விரித்துச் சொன்னால் இப்படி வரும். பயணிகள் ரயில் நிற்கும்போது பெட்டிகள் நடைமேடையை ஒட்டியும், எஞ்சின் அதன் முன்முனையிலும் இருக்கும். எஞ்சினின் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர். தண்ணீர் வார்க்கும் வாய் பெரும்பாலும் டெண்டரின் பின்பகுதியில், கரிக்குவியலுக்குப் பின்னால் அமைந்திருக்கும். ஆகவே நீர்த்தூணின் இடம் ஸ்டார்ட்டர் சிக்னலின் காலடி அல்ல. சிக்னலுக்குச் சற்று முன்பாக எஞ்சின் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எஞ்சினின் நீளத்தையும் டெண்டரின் பெரும்பகுதியையும் பின்னோக்கி அளந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். அதுதான் தூணின் இடம். எதிர்த்திசையில் வரும் ரயிலுக்கு மறுமுனையில் இன்னொரு தூண் வேண்டும். இரண்டு பாதைகளுக்கு நடுவே நட்டால், கையைத் திருப்பி இரண்டுக்கும் வார்க்கலாம். எஞ்சின் கொட்டகையில் சாம்பல் குழிக்கு அருகே தண்ணீர் இருக்கும். கனன்றுகொண்டே விழும் சாம்பலை அணைக்கவும் அது தேவை.

தூண் மட்டும் தனியாகத் தண்ணீர் தராது. எங்கேயோ ஒரு கிணறோ ஓடையோ, அதிலிருந்து நீரேற்றும் பம்பு அறை, தூணின் கையைவிட உயரத்தில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து மண்ணுக்கடியில் வரும் பருத்த குழாய் எல்லாம் வேண்டும். தொட்டி தூணின் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. மாதிரிப் பலகைக்கு வெளியே இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது எந்தத் திசையில் இருக்கிறது என்பது செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதையில் வராத பாத்திரங்களின் ஊரும் பேரும் கதாசிரியனுக்குத் தெரிந்திருப்பதைப் போல. எல்லா நிலையங்களிலும் தண்ணீர் இருந்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். தேவைக்கு மேல் வைக்கப்பட்ட தூண் ஒரு பொய்யான வளத்தைக் காட்டும்.

வேலை நடக்கும் முறை தெரிந்தால் சிறு விவரங்கள் தாமே வந்து அமையும். ஃபயர்மேன் டெண்டர்மேல் ஏறி மூடியைத் திறப்பார். கையைத் தன் பக்கம் இழுத்துக் குழலை வாய்க்குள் விடுவார். கீழே நிற்பவர் சக்கரத்தைத் திருகித் தண்ணீரைத் திறப்பார். நிறுத்தும்போது மெதுவாகத்தான் திருக வேண்டும். ஓடிவரும் நீரைச் சட்டென்று மறித்தால் அது குழாயைச் சம்மட்டிபோல அடிக்கும். பிரிட்டனில் பரவலாக இருந்த பெரிய டெண்டர்கள் 4000 காலன், அதாவது ஏறத்தாழ 18,000 லிட்டர் கொண்டவை. அத்தனை நீரைச் சில நிமிடங்களில் இறக்கும் குழலில் கடைசிக் குடங்கள் எப்போதும் தரையில்தான் விழும். ஆகவே தூணின் அடியில் வடிகால், பரப்பிய கல், பாசி, கரித்தூள் கலந்த சேறு. வேலை முடிந்ததும் கை பாதைக்கு இணையாகத் திரும்பிவிட வேண்டும். குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்து வரும் வண்டியில் இடிக்கும். எஞ்சினே இல்லாத பாதையின்மேல் கை நீண்டிருப்பதாகக் காட்டும் மாதிரி, ஒரு விபத்துக்கு ஒரு நிமிடம் முந்தைய காட்சியைத்தான் காட்டுகிறது.

நாட்டுக்கு நாடு வேறுபாடுகளும் உண்டு. பிரிட்டனின் தூண்களுக்கருகே புகைபோக்கியோடு கூடிய சிறு அடுப்பு ஒன்று நிற்கும், குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க. அந்த ஊர்ப் பொருளை வாங்கி விழுப்புரத்து வெயிலில் அடுப்போடு நட்டால் சிரிப்புத்தான் வரும். ஜெர்மனியில் மூட்டுக்களோடு மடங்கி நீளும் கைகொண்ட தூண்களும் இருந்தன. எஞ்சின் சில மீட்டர் முன்பின்னாக நின்றாலும் அவை எட்டும். சாதாரணத் தூணின் கைக்கு அந்தத் தாராளம் இல்லை. நீண்ட ரயிலை இழுத்துவரும் டிரைவர், தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஒரு துளையைத் தூணுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். "டிரைவரோட கைய தண்ணி பிடிக்கிறப்ப பாக்கணும்" என்பார் பெரியப்பா. வேகத்தை யாரும் காட்டிவிடலாம், நிற்பதுதான் வித்தை என்பது அவர் துணிபு.

நான் செய்யத் துணிந்தது நீலகிரி மலைப்பாதையில் ஹில்குரோவ் நிலையத்தைத் தழுவிய ஒரு சிறு காட்சி. 87இல் ஒரு பங்கு அளவு. 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம் மீட்டர்கேஜைக் குறிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இல் திறக்கப்பட்ட பாதை இது; 1908இல் உதகைவரை நீண்டது; 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லாறுக்கு மேல் பாதை ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி வீதம் ஏறுகிறது. தண்டவாளங்களின் நடுவே பதிக்கப்பட்ட பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டு மேலேறுகிறது. எஞ்சினுக்கு டெண்டர் கிடையாது. கொதிகலனின் இருபுறமும் உள்ள தொட்டிகளில் கொள்ளும் தண்ணீரைக்கொண்டுதான் மலை ஏறவேண்டும். ஆகவே வழியில் நின்று நின்று குடிக்கிறது.

இங்கேதான் பெரியப்பாவின் விதி ஒரு விசித்திரமான விடையைத் தருகிறது. இந்த மலைப்பாதையில் எஞ்சின் ரயிலை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. மேலே போகும்போது பெட்டிகளுக்குக் கீழே, பள்ளத்துப் பக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போதும் அதே பள்ளத்துப் பக்கத்தில் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு வருகிறது. பெட்டிகள் ஓடிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடியசைத்து, முன்னால் இருப்பதைப் பின்னால் இருக்கும் டிரைவருக்குத் தெரிவிக்கிறார்கள். சமவெளி நிலையத்தில் இரண்டு முனைகளிலும் தேவைப்பட்ட தூண், இங்கே ஒரு முனையில் இருந்தால் போதும். அதுவும் ரயில் போகும் திசைக்கு எதிர்முனையில், பள்ளத்தை நோக்கிய கோடியில். சமவெளிப் பழக்கத்தில் மலையுச்சிப் பக்கம் நட்டால், அந்தத் தூண் ஒருநாளும் ஒரு சொட்டும் வார்க்காது.

பள்ளத்துக் கோடி என் பலகையில் இடது மூலையில் வந்து விழுந்தது. மண்திட்டு பாதியை மறைக்க, மரநிழல் மீதியை மறைக்கும் இடம். நல்ல புகைப்படக்காரரான நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, தூணை நிலையக் கட்டடத்துக்கு எதிரே நகர்த்தச் சொன்னார். "இவ்வளவு நுணுக்கமாகச் செய்துவிட்டு ஒளித்து வைக்கிறீர்களே. பார்க்கிறவர்களில் யாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியப்போகிறது?" அவர் சொன்னது உண்மை. யாருக்கும் தெரியாது. அழகுக்காகச் சிலவற்றை நகர்த்துவது கலையில் புதிதும் அல்ல. என் மாதிரியிலேயே மரங்கள் இருக்குமிடம் என் விருப்பம்தான். ஆனாலும் தூணை நகர்த்த மனம் வரவில்லை. காரணத்தை அன்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொல்லிப் பார்க்கிறேன். ரயிலைப் பற்றிய நம் நினைவுகள் பெரும்பாலும் பயணிகளின் நினைவுகள். சன்னலோர இருக்கை, தேநீர்க்காரரின் குரல், வழியனுப்ப வந்தவரின் கை. நம் கதைகளும் திரைப்படங்களும் நடைமேடையின் நடுப்பகுதியிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் இன்னொரு வரைபடமும் இருந்தது. நடைமேடை சரிந்து முடியும் கோடி, சேறு, எண்ணெய்க்கறை, உச்சி வெயிலில் டெண்டர்மேல் நின்று கையை இழுக்கும் ஒரு மனிதர். பெரியப்பா வேலை உடையில் இருக்கும் புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. மாதிரி முடிவதற்குள் அவரும் போய்விட்டார். அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி எந்த இடத்தில் கழிந்தது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு ஊரிலும் நடைமேடை முடிகிற அந்தக் கோடியைத்தான் காட்ட முடியும். நீர்த்தூணை நடுவுக்கு நகர்த்துவது அழகை முன்னிட்டு அவரை அங்கிருந்து அகற்றுவதாகும்.

இம்முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்று எடுக்கப்பட்ட புகைப்படங்களை அப்படியே நம்ப வேண்டாம். நீராவி போனபின் ரயில்கள் நீண்டன, நடைமேடைகளையும் நீட்டினார்கள். கோடியில் நின்ற பழைய தூண், அகற்றப்படாமல் இருந்தால், இன்று நடைமேடையின் நடுவில் நிற்பதாகத் தோன்றும். தூண் நகரவில்லை, கோடிதான் நகர்ந்துவிட்டது. பழைய நடைமேடை எங்கே முடிந்தது என்பதைக் கல்வரிசையின் மாற்றத்திலோ தளத்தின் நிறத்திலோ தேடிக் கண்டுபிடித்து, பிறகுதான் அளக்க வேண்டும். வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும் மாதிரி ரயிலை, தொட்டியின் வாய் குழலுக்கு நேராக வரும்படி நிறுத்தியும் பாருங்கள். உண்மையில் 1 மீட்டர் தவறு மாதிரியில் பதினொன்றரை மில்லிமீட்டர். விசையில் வைத்த விரல் சற்றுத் தாமதித்தால் தாண்டிவிடும்.

என் எஞ்சினின் தொட்டிமேல் 20 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மனிதரை நிறுத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் பெட்டிகளையும், நடைமேடையில் குரங்குக்குப் பயந்து பொட்டலத்தை மறைக்கும் அம்மாளையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூலையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ரயிலைப் பெட்டிக்குள் எடுத்துவைத்த நாள்களில் அந்த மூலையில் ஈரத் தரையும் பாதைக்கு இணையாகத் திரும்பிய கையும் மட்டுமே இருக்கும். எஞ்சின் வந்து நிற்கப்போகும் இடத்தைச் சொல்ல அவை போதும்.