அம்மம்மாவின் 25 செக்கன்

வெள்ளிக்கிழமையில லெக்சர் முடிஞ்சா நான் கொட்டாஞ்சேனைக்குப் போறதில்லை. 155ஐ மற்றப் பக்கமாப் பிடிச்சு வெள்ளவத்தையில இறங்குவேன். அம்மம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது என்ட டியூட்டி.

போன மாதம் ஒருநாள் காலி வீதியைக் கடக்கிறம். பச்சை மனுசன் எரிஞ்ச பிறகுதான் இறங்கினம். பாதி ரோட்டுக்கு வந்திருப்பம், சிவப்பு விழுந்திட்டு. ஒரு பஸ் ஹோர்ன் அடிக்க, அம்மம்மா கையை உயர்த்தி அந்த டிரைவரிட்ட மன்னிப்புக் கேட்டா. பிழை செய்தது தான்தான் எண்டமாதிரி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை.

அண்டிரவு பெரியம்மாட மகனுக்கு கோல் எடுத்தன். அண்ணா கட்டுபெத்தையில என்ஜினியரிங் படிக்கிறார். "பின்னேரம் அஞ்சு மணிக்கு கலர் லைட்டை மாத்துறாங்களாம், அதாலதானே?" எண்டு கேட்டன். அவர் சிரிச்சிட்டு முழுசா விளங்கப்படுத்தினார்.

ஒரே வீதியில வரிசையா இருக்கிற லைட்டுகளை இணைச்சு வைச்சா, எல்லாத்துக்கும் ஒரே அளவு சுற்று நேரம் இருக்கும். பச்சை மட்டும் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாத் தொடங்கும். ரெண்டு லைட்டுக்கு இடையில 400 மீற்றர், வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றரில வருது எண்டா, ரெண்டாவது பச்சை 36 செக்கன் பிந்தித் தொடங்கவேணும். அப்பதான் நிக்காமப் போகலாம். காலமை கோட்டைப் பக்கம் போறவைக்கு ஒரு பிளான், பின்னேரம் தெஹிவளைப் பக்கம் திரும்புறவைக்கு இன்னொரு பிளான்.

ஒண்டில இருந்து மற்றதுக்குச் சடாரெண்டு பாய ஏலாது. ஒவ்வொரு லைட்டும் தன்ட சுற்றைக் கொஞ்சம் நீட்டியோ குறைச்சோதான் புது நேரத்துக்கு வந்து சேரும். அதுக்குச் சில சுற்றுகள் போகும். அந்த இடைவெளியில பழைய ஒழுங்கும் இல்லை, புது ஒழுங்கும் இல்லை. அதாலதான் நெரிசல் உச்சத்தில மாத்தாம, அதுக்கு முதலே மாத்தவேணும். அடிக்கடி மாத்தவும் கூடாது.

1963இலேயே கம்பியூட்டரால லைட்டுகளை நடத்தத் தொடங்கின நகரம், எங்கட பாதிச் சொந்தக்காரர் இருக்கிற ரொறன்ரோ. கொழும்பில ஒஃபிஸ் நேரத்தில இன்னும் பொலிஸ்காரர் சந்தியில நிண்டு கையால விடுறதைப் பாக்கிறம். நானும் நக்கலடிச்சிருக்கிறன். ஆனா மணிக்கூட்டை மட்டும் பாக்கிற பிளானுக்குச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வாற சனத்தைத் தெரியாது. செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் ரதம் வாற நாளும் தெரியாது, ஆராவது சொல்லிக்குடுத்தாத்தவிர. சந்தியில நிக்கிற மனுசனுக்குத் தெரியும்.

"அப்ப பிளான் மாறினபடியாத்தானே அம்மம்மா நடுரோட்டில நிண்டவ?"

"இல்லையடா. எந்தப் பிளானுக்கு மாறினாலும் நடக்கிற ஆக்களுக்குக் குடுக்கவேண்டிய குறைஞ்சபட்ச நேரத்தில கை வைக்கக்கூடாது. அதுதான் விதி. நீ கேக்கவேண்டியது, அந்தக் குறைஞ்சபட்சத்தை ஆர்ட நடையை வைச்சுக் கணக்குப் போட்டது எண்டுதான்."

பல இடங்களில பாவிக்கிற கணக்கு செக்கனுக்கு 1.2 மீற்றர். 15 மீற்றர் அகலமான ரோட்டுக்கு 12.5 செக்கன். எனக்கு அது தாராளம்.

அடுத்த வெள்ளி, ஃபிளட்டின்ட கொரிடோரில ஆறு மீற்றர் அளந்து, அம்மம்மாவை நடக்கச் சொல்லிப் போனில நேரம் பாத்தன். "என்னத்துக்கடா அளக்கிறாய், சவப்பெட்டிக்கோ?" எண்டு சிரிச்சா. பத்து செக்கன். அதே 15 மீற்றருக்கு 25 செக்கன் வேணும். கணக்கில இருக்கிறதைப்போல ரெண்டு மடங்கு.

நான் பிழை பிடிக்கத் தேடினது பிளான் மாறுற நேரத்தை. பிழை இருந்தது எல்லாப் பிளானிலயும் மாறாம இருக்கிற ஒரு இலக்கத்தில. அந்த இலக்கத்துக்கு மூட்டுவலி இல்லை, சேலை இல்லை, கையில பூக்கூடை இல்லை.

அண்ணாட்ட அந்த 25ஐ அனுப்பினன். தன்ட புரொஜெக்டில 0.6ஐயும் போட்டுப் பாக்கிறதாச் சொன்னார். பாப்பம்.

இப்ப நாங்கள் எரிஞ்சுகொண்டிருக்கிற பச்சைக்கு இறங்கிறதில்லை. அடுத்ததுக்குக் காத்து நிண்டு, விழுந்த உடனே இறங்குவம். பாதியில சிவப்பு விழுந்தா நான் பஸ்ஸிட பக்கம் நடப்பன். கையை நான் உயர்த்துவன், மன்னிப்புக் கேக்க இல்லை, நிப்பாட்ட.