ரகு அம்மா

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் என் பாட்டியை, அம்மாவைப் பெற்றவளை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்த பிள்ளையை வைத்து 'ரகு அம்மா'. அவ்வளவுதான். திருச்சியில் விலங்கியல் படித்த வருஷம் அது எனக்கு உறுத்த ஆரம்பித்தது. காரணம் ஒரு கொசு.

அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ், நம் கிராமங்களில் மலேரியா பரப்பும் முக்கியமான கொசு. பார்வைக்கு ஒன்று, உண்மையில் ஐந்து இனங்கள்: ஏ, பி, சி, டி, இ. இதில் 'பி' மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாது. ராமேஸ்வரம் தீவில் இருப்பது 'பி' என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் அங்கே மலேரியா இருந்தது. அப்படியென்றால் பரப்புவது யார்?

1999இல் சரளா சுப்பாராவ் உள்ளிட்ட குழு விடை சொன்னது. பெண் கொசுக்களைத் தனித்தனியாக முட்டையிட வைத்து, பிறந்த ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். அதில் இரண்டு வடிவங்கள். மலேரியாக் கிருமி இருந்த அம்மாக்களின் மகன்களிடம் ஒரு வடிவம்தான் தென்பட்டது. அந்த அம்மாக்கள்தான் புதிய இனம், 'இ'.

கடிப்பது பெண். அவள் யாரென்று தெரிய மகன் பிறக்க வேண்டியிருந்தது. முட்டையிடாமல் செத்துப்போனால் அடையாளமும் போச்சு.

2006இல் வெளியான முறைக்கு மகன் தேவையில்லை. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அதிலுள்ள சிஓ2 மரபணுவில் ஓரிரு எழுத்து மாற்றங்களைப் பார்த்தே பி, சி, இ மூன்றையும் பிரித்துவிடலாம். செத்த கொசு போதும். ஆனால் அம்மா வழி மட்டுமே முழு உறவையும் சொல்லாது. இரண்டு இனங்கள் கலந்தால் பிள்ளையிடம் தாயின் பக்கம்தான் தெரியும். அதனால் உட்கருவிலுள்ள ரைபோசோம் மரபணுவையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் கொசு பேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த பாட்டியிடம் இதைச் சொன்னேன்.

"பிள்ளைய வெச்சுத்தான் அம்மா யாருன்னு கண்டுபிடிச்சாளாக்கும்? இதுல என்னடி புதுசு?"

சிரித்துவிட்டேன். பிறகு கேட்டேன்: "உங்கம்மா பேர் என்ன பாட்டி?"

"செங்கமலம்."

"அவளோட அம்மா?"

பேட்டைக் கீழே வைத்தாள். அந்த அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா பாட்டியிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

"தெரியலையேடி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "எல்லாரும் பட்டாபி அம்மான்னுதான் சொல்லுவா."